கொடிமரம் போட்ட கேட் மீட்டிங்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். ராயபுரத்தில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டின் குளியலறையிலிருந்து என் மகள் ஜெனி கூப்பிட்டாள். பேஸ்ட் மூடியைத் திறக்க முடியவில்லையாம். பன்னிரண்டு வயதுப் பெண், பள்ளியில் கபடி ஆடுகிறவள். சோம்பல் என்று நினைத்து, பூசைக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே போனேன். அவள் விரல்கள் அத்தனையும் கணுக்கணுவாக வீங்கியிருந்தன. "கை மடங்கவே மாட்டேங்குதும்மா" என்றாள். அவள் அழவில்லை. யாரோ இன்னொருத்தருடைய கையைப் பார்ப்பதுபோல் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தக் காலையிலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, விஷயம் என்னோடு வேலை பார்க்கும் கொடிமரத்திடமே போய் நிற்கிறது. சரி, அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வடசென்னையில் எத்தனையோ தலைவர்கள் எத்தனையோ ஆலை வாசல்களில் நின்று முழங்கியிருக்கிறார்கள். ஆனால் தன் சொந்த ரத்தத்துக்குக் கேட் மீட்டிங் போட்ட தலைவர் உலகத்திலேயே கொடிமரம் ஒருவர்தான்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்திறங்கும் சரக்குக்குச் சுங்கத்துக்கான தாள்களைத் தயாரிப்பது என் வேலை. கன்டெய்னர் அடிபட்டிருக்கிறதா, ஒழுகுகிறதா என்று நேரில் போய்ப் பார்த்து வருவது கொடிமரத்தின் வேலை. அதற்கு முன் அவர் திருவொற்றியூரில் ஓர் ஆலையில் தொழிற்சங்கச் செயலாளர். ஆலையை மூடிவிட்டார்கள். சங்கம் கலைந்துவிட்டது. செயலாளர் மட்டும் மிச்சம்.

அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் எங்கேயோ இருக்கும். ஆபீஸ் முழுக்க, பாஸ் உட்பட, அவர் கொடிமரம்தான். முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக ஒட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே கம்பியாகிவிடும் நோய் அவருக்கு. குனிய முடியாது, நிமிர முடியாது, தலையைத் திருப்பவும் முடியாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் கால்களைச் சிறு சிறு அடியாக வைத்து முழு உடம்பையும் சுற்றிக்கொண்டு வருவார். துறைமுகத்துக் கிரேன் திரும்பும் வேகம்தான். அவர் முகம் நம் பக்கம் வந்து சேர்வதற்குள் நாம் எதற்காகக் கூப்பிட்டோம் என்பது மறந்துபோகும்.

குனிய முடியாத மனிதர் கன்டெய்னரின் அடிப்பாகத்தை எப்படிப் பார்ப்பார்? அதற்கு ஒரு கண்ணாடி வைத்திருந்தார். நீளக் கழியின் நுனியில் சலூன் கண்ணாடி ஒன்றைக் கட்டி, வண்டிக்கு அடியில் வெடிகுண்டு தேடுகிற போலீஸ்காரர் மாதிரி நீட்டிக்கொண்டு நடப்பார். நாளடைவில் அந்தக் கண்ணாடி எல்லாக் காரியத்துக்கும் ஆகிவிட்டது. டீக்கடையில் பின்னால் யார் நிற்கிறார்கள், தட்டில் வடை எத்தனை மிச்சம், செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது, எல்லாம் அதில் பார்த்துத்தான். ஆபீஸில் அவரைப் பற்றிப் புறம் பேசுகிறவர்கள் முதலில் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

டோல்கேட்டில் அவர் ஷேர் ஆட்டோ ஏறுவது தனிக் காட்சி. உட்காரும்போது உடம்பு மடங்காது. பலகையைச் சாய்த்து வைப்பதுபோல் சாய்ந்து ஏறுவார், கால்கள் எதிர் சீட்டுக்காரர் மடியில் போய் நிற்கும். ஒருமுறை டிரைவர், "யோவ் அண்ணாத்த, இது லக்கேஜ் கணக்குல வரும்" என்றாராம். இவர் அசரவில்லை. "லக்கேஜுக்கு ரசீது குடு, அப்பால நான் பத்திரமா வந்து சேர்ந்தேனான்னு நீதான் பதில் சொல்லணும்" என்று வழி நெடுக வாதாடி, கடைசியில் டிரைவரே இறங்கி வந்து கைத்தாங்கலாக இறக்கிவிட்டுப் போனாராம்.

கப்பல் கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் ஆபீஸைப் பார்வையிட வந்தார். எல்லோரும் வளைந்து வணக்கம் வைத்தோம். கொடிமரம் மட்டும் விறைப்பாக நின்றார். அதிகாரி அவரையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, எங்கள் பாஸிடம், இந்த ஆபீஸில் தன்மானமுள்ள ஒரே ஆள் இவர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் அதை மறுக்கவே இல்லை. "இன்னா செய்யறது, எங்க பரம்பரையே யாருக்கும் வளைஞ்சதில்ல" என்று அன்று சாயங்காலம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். டீ டம்ளரை மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்.

இனி கேட் மீட்டிங்.

தினமும் காலையில் ஆபீஸ் திறந்ததும் கொடிமரம் மொட்டை மாடிக்குப் போவார். துறைமுகத்தைப் பார்த்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கிருமியை விட்டுவிட்டுத் தன் முதுகையே தாக்குகிற, ரத்தத்தில் ஓடும் காவல் செல்களுக்கு உரையாற்றுவார். "தோழர்களே, நேத்து ராத்திரி இடுப்பாண்ட நடந்த சம்பவத்த வன்மையா கண்டிக்கறேன். அங்க வேல பாக்கறவன் யாரு? நம்ம ஆளு. அவன வெளியாளுன்னு நெனச்சி அடிச்சிகினு கீறீங்க. உங்களுக்கு இன்னா கொறை, வந்து சொல்லுங்க. பேசித் தீத்துக்கலாம்." டெலிவரி ஆட்கள் இரண்டு பேர் படிக்கட்டில் நின்று கைதட்டுவார்கள். அவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்துவார்.

வாழ்க்கை முழுக்க முதலாளியை எதிர்த்துக் கத்தியவர் இப்போது தானே ஒரு முதலாளியாகிவிட்டதில் அவருக்கு உண்மையான வருத்தம் உண்டு. "பாரும்மா, என் செக்யூரிட்டிக்காரங்க என் தொழிலாளிய அடிக்கறாங்க. நான் வேடிக்க பாக்கறேன். மொதலாளி புத்தி எனக்கும் வந்துடுச்சி" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வலி அதிகம். அதற்கும் ஒரு பெருமை. "சண்டே கூட வந்து வேல செய்றானுங்க. டபுள் பேட்டா ஒருத்தனும் கேக்கறதில்ல. இந்த மாரி நேர்மையான தொழிலாளிய நான் சங்கத்துல பாத்ததே இல்ல."

அந்தக் காவல் செல்களை அடக்குவதற்கு ஊசி இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் பல வருடமாகவே அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் போகவில்லை. அது ஆட்குறைப்பு, வேலை செய்கிறவனை விசாரணை இல்லாமல் வெளியே அனுப்புவது, எந்தச் சங்கக்காரனும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டான் என்பது அவர் கொள்கை. ஊசியை மறுத்தார், முதுகு இறுகியது. நாங்கள் சிரித்தோம். அந்தக் கொள்கையைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஜெனியின் கை வீங்குகிறவரை.

ஜெனிக்கு வந்தது குழந்தைகளுக்கு வரும் மூட்டு நோய். கொடிமரத்தின் நோய்க்கு அது தூரத்து உறவு மாதிரி, அதுவேதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். என் கணவர் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். நினைத்த நேரத்தில் வர முடியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பேச ஆரம்பித்தால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும், வாய் மட்டும் சரி சரி என்று சொல்லும். அதனால் கொடிமரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். எத்தனையோ நிர்வாகங்களோடு பேசியவர், ஒரு வார்த்தை விடாமல் கேட்பார் என்று நம்பினேன்.

அந்த டாக்டர் அம்மா பொறுமைசாலி. நான்தான் ஆரம்பித்தேன். பிள்ளைக்கு என்ன தப்பு செய்தேன், எதைக் கொடுத்தேன், எந்தத் தண்ணீர், எந்தக் காற்று என்று வரிசையாகக் கேட்டேன். எண்ணூர்ப் பக்கம் ஆலைப் புகையா என்றுகூடக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லார் உடம்புலயும் தன்னையே அடையாளம் கண்டுக்கிற செல்கள் இருக்கும்மா. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. இருக்கிறது நோய் இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் என் துறைமுகப் புத்தியில் இப்படித்தான் புரிந்துகொண்டேன். காசிமேட்டில் புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகும் கூடுதல் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளும். நம் படகும் கட்டும், கள்ளச் சரக்கு ஏற்றி வந்த படகும் கட்டும். கட்டுகிற விதத்தில் வித்தியாசமே இருக்காது. உடம்புக்குள் புகுந்த பாக்டீரியாவுக்குக் காய்ச்சல் சூடுதான் புயல். அப்போது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு புரதத்தைச் செய்துகொள்கிறது. அதுதான் கயிறு. நம் செல்களும் சிரமம் வந்தால் கிட்டத்தட்ட அதே புரதத்தைத்தான் செய்துகொள்கின்றன. அந்தக் கயிற்றின் முறுக்கு பாக்டீரியாவிலிருந்து மனுஷன்வரை பெரிதாக மாறவே இல்லையாம். கள்ளப் படகைப் பிடித்துப் பழகிய காவல் செல், கயிறு கட்டியவன் எல்லாம் எதிரி என்று முடிவு செய்துகொண்டால், சிரமத்தில் இருக்கிற நம் மூட்டில் போய் அடிக்கும்.

ஜெனிக்கு இது இப்படித்தான் ஆரம்பித்ததா என்று கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மழைக்காலத்தில் அவளுக்கு வந்த காய்ச்சலை அன்று முழுக்க நான் மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டர் ஒன்று சொன்னார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். இந்தப் புரதத்தை அடையாளம் காணும் செல்கள் எல்லாமே கலகக்காரர்கள் இல்லை. கயிற்றைப் பார்த்ததும், புயல்தான், இவர்கள் நம் ஆட்கள், விடுங்கள் என்று மற்றவர்களை அடக்குகிறவர்களும் அவர்களில் உண்டு. நம் சொந்தப் புரதத்தை நன்றாக அடையாளம் காணும் செல்கள் இருக்கிற சில குழந்தைகளுக்கு நோய் லேசாகத் தணிவதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். அதாவது, தன்னையே திரும்பிப் பார்க்கிற செல்லே சில நேரம் சமாதானம் செய்து வைக்கிறது.

என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கொடிமரம், நாற்காலி அவருக்கு ஒத்துவராது, மெதுவாக முழு உடம்பையும் டாக்டர் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அப்ப நீங்க குடுக்கற மருந்து யார அடக்கும் டாக்டரம்மா? கலாட்டா பண்றவனையா, சமாதானம் பண்றவனையா?"

டாக்டர் நேர்மையானவர். இரண்டு பேரையும் கொஞ்சம் மெதுவாக்கும் என்றார். சமாதானக்காரர்களை மட்டும் தனியாக எழுப்புகிற வித்தை இன்னும் கைக்கு வரவில்லை, முயன்றுகொண்டிருக்கிறார்கள், அதுவரை மூட்டு காத்திருக்காது, கலவரம் அடங்கினால்தான் சமாதானம் பேசுகிறவனுக்கும் நிற்க இடம் கிடைக்கும் என்றார். பின்பாதி கொடிமரத்தின் காதில் ஏறவே இல்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்பார் என்று நான் அழைத்து வந்த ஆள், தனக்கு வேண்டிய வார்த்தை கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு அவர் வாராவாரம் டெலிவரி ஆட்கள் இருவரின் கைத்தாங்கலோடு மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஜெனியும் அவரும் சேர்ந்து செயற்குழுக் கூட்டம் போட்டார்கள். தலைவர் அவர், பொருளாளர் இவள். பொருள் எதுவும் இல்லை. "தோழர் ஜெனி, முட்டிக் கிளையிலேந்து இன்னா சேதி?" என்பார். "வலது முட்டி வேலைக்கு வந்துடுச்சு தலைவரே, இடது முட்டி லீவ்" என்பாள் இவள். மணிக்கட்டைக் கண்டித்துத் தீர்மானம் போடுவார்கள். கணுக்காலுக்கு நன்றி தெரிவிப்பார்கள். விரல் வீங்கிய நாளிலிருந்து சிரிக்காத பெண் சிரித்தாள். நான் அடுப்படியில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவருக்கு இன்னொரு டம்ளர் டீ போடுவேன்.

மருந்து வாரத்துக்கு ஒருமுறை. மஞ்சள் மாத்திரை. முதல் சில வாரம் விழுங்கினாள். பிறகு குமட்டல் ஆரம்பித்தது. அடுத்து மாத்திரையைப் பார்த்தாலே குமட்டல். அதற்கடுத்து மஞ்சளாக எதைப் பார்த்தாலும். எலுமிச்சை சாதம் நிறுத்தினேன். பருப்பு நிறுத்தினேன். மஞ்சள் நிற நைட்டியைத் தூக்கிப் போட்டேன். ஆனால் சென்னையில் ஆட்டோவை என்ன செய்ய முடியும்? பள்ளிக்குப் போகும் வழியில் ஒவ்வோர் ஆட்டோவுக்கும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொள்வாள். டாக்டரிடம் சொன்னபோது இந்த மருந்தில் பல குழந்தைகளுக்கு இப்படி ஆவதுண்டு என்றார். வேடிக்கையாகத்தான் இருக்கும், பெற்றவளாக இல்லாதவர்களுக்கு.

பண்டிகைக்காக வீட்டைத் துடைத்தபோது மாதா சுரூபத்தைத் தூக்கினேன். அதற்குப் பின்னால் மஞ்சள் மாத்திரைகள் குவிந்து கிடந்தன. இத்தனை வாரமும் எங்கள் வீட்டில் மூட்டு நோய்க்கு மருந்து சாப்பிட்டது மாதாதான்.

ஜெனியைக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. நிதானமாகப் பதில் சொன்னாள். "அது நம்ம ஆளுங்களையும் சேத்து அடக்குதும்மா. டாக்டரே ஒத்துக்கிட்டாங்க, அங்கிள் கேட்டாரு. அங்கிள் எவ்ளோ வருஷமா ஊசியே போட்டுக்கல. அவர் நல்லாத்தானே இருக்காரு?"

அந்த வாரமே கண் பரிசோதனை இருந்தது. இந்த நோய் சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சிவக்காது, வலிக்காது, பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். அதனால்தான் சும்மாவாவது வந்து காட்டிவிட்டுப் போகச் சொல்வார்கள். கண் டாக்டர் விளக்கை வைத்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். வெயில் கீற்றில் தூசி மிதக்குமே, அதுபோல் இடது கண்ணுக்குள் செல்கள் மிதக்கின்றன என்றார். நல்லவேளை, ஆரம்பம்தான் என்றார். சொட்டு மருந்து எழுதினார். மூட்டு டாக்டரும் மாத்திரையை நிறுத்தி வாராந்திர ஊசிக்கு மாற்றினார். இனி ஒரு வாரமும் தவறக் கூடாது, கண் போனால் திரும்பாது என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வீட்டிலேயே போடுவதற்கு எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நர்ஸ் இரண்டாம் முறையும் செய்து காட்டினார்.

மறுநாள் காலை நேராக ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போனேன். கேட் மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். தோள்பட்டைத் தோழர்களைப் பாராட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஏராளம். அவர் கிரேன் மாதிரி மெதுவாக என் பக்கம் திரும்பி வருகிறவரை காத்திருந்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"கண்ணுல வந்துடுச்சு அண்ணே" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை. "நீங்க நல்லா இருக்கீங்கன்னு என் பொண்ணு நம்புது அண்ணே. அதனாலதான் மாத்திரையை ஒளிச்சு வெச்சிருக்கு."

படிக்கட்டில் டெலிவரி ஆட்கள் கைதட்டத் தயாராக நின்றார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கீழே போய்விட்டார்கள். கொடிமரம் மறுபடியும் சிறு சிறு அடியாக வைத்துத் துறைமுகத்தின் பக்கம் திரும்பினார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் இறங்கிவிட்டேன்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன் அணைந்திருந்தது. தங்கியிருந்த அறை பூட்டியிருந்தது என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆபீஸில் காலை நேரம் மிக அமைதியாக இருந்தது. பாஸே ஒரு நாள் மாடிப்படி பக்கம் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் மீட்டிங் இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜெனிக்கும் அவர் வராதது தெரிந்துவிட்டது. நான்தான் விரட்டிவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டாள். ஊசி போடும் நாள் சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை சிரிஞ்சைக் கண்டதும் ஓடிப்போய்ப் படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன். உள்ளிருந்து, அதுவும் மஞ்சள்தானே என்று மட்டும் கேட்டாள். மஞ்சள்தான். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் ஊசி போகவில்லை. மூட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். கையைக் காலைப் பிடித்துப் போட்டால் இன்னும் பயம்தான் வரும், இன்னும் ஒருமுறை முயலுங்கள், ஆனால் அடுத்த வாரத்தைத் தவறவிட முடியாது என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. மாலை நேரம், நல்ல மழை. கணவர் மீஞ்சூரில் ஷிப்டில் இருந்தார். தட்டில் சிரிஞ்சும் பஞ்சும் வைத்துக்கொண்டு, தாழிட்ட கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மின்விசிறி சத்தம் மட்டும். அவள் கண்ணுக்குள் அந்தத் தூசி இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். கதவை உடைக்கலாமா என்றும் நினைத்தேன். உடைத்துவிட்டு, பிறகு? வாராவாரம் உடைப்பதற்குக் கதவு ஏது?

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஏதோ பீரோவை ஏற்றுகிறார்கள் என்று நினைத்தேன். ஓர் அடி, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னோர் அடி. எங்கள் வீட்டுப் படிகள் குறுகல், உயரம். காலைப் பார்த்து ஏற முடியாதவர் அன்று துணைக்கு ஆள் இல்லாமல் அந்தப் படியில் பக்கவாட்டாகச் சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறியிருக்க வேண்டும். வாசலில் வந்து நின்றபோது கொடிமரம் முழுக்க நனைந்திருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. தாடி வளர்ந்திருந்தது. நான் எழுந்து துண்டு எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். தட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அதன் அருகில் போய் நின்றார்.

"ஜெனி கண்ணு. நான்தான்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மீட்டிங் போட வர்ல. ஒரு விசயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நான் ஊசி போட்டுக்காததுக்குக் கொள்கை, அது இதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேன் பாரு. அதெல்லாம் சும்மா. பயம். ஊசின்னா சின்ன வயசுலேந்தே எனக்கு ஆவாது."

"பொய்" என்றாள் உள்ளிருந்து.

"மெய்யாலுமேதான். அங்கிள் நல்லாத்தான் கீறாருன்னு சொன்னியாமே. வானத்தப் பாத்து எத்தினி வருசம் ஆவுது தெரியுமா எனக்கு? மழ வந்தா மூஞ்சில பட்டாதான் தெரியுது." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஆஸ்பத்திரியில சேத்துகினாங்க. அந்த டெஸ்ட்டு இந்த டெஸ்ட்டுன்னு இத்தினி நாளா அங்கதான் கெடந்தேன். இன்னிக்குக் காலைல போட்டுகினேன்."

மின்விசிறி நின்றது. கதவுக்கு மிக அருகில் அவள் குரல் கேட்டது.

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்சா மாரிதான்."

"அப்ப ஏன் குரல் அப்படி இருக்கு? அழுதீங்களா?"

கொடிமரம் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டார். குனிய முடியாததால் உடம்பு முழுவதும் கதவில் சாய்ந்து நின்றது.

"அழுதேன் கண்ணு. தனியா போய்ப் போட்டுகினேன், கூட யாரும் இல்ல. அதான் அழுதேன். உனக்கு உங்கம்மா கீது, நான் கீறேன். கதவத் தொற."